தோலில் பூத்த வெள்ளை

வேலை நேரத்தில் கொழுந்தியாள் போன் செய்தாள். "மாமா, நேத்து நீங்க கொண்டுவந்த ஆப்பிள்ல வெள்ளை வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. குட்டி ரெண்டு தின்னுட்டா, தோலோட."

ஆப்பிள்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கூடத்தில் எனக்கு வேலை. பழத்தைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மெழுகு பூசுவோம். கழித்த பழங்களை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நேற்று ஒரு பை எடுத்தேன். அலசியதா, அலசாததா? நினைவில்லை. மனைவி இறந்தபின் மகளைக் கொழுந்தியாள்தான் பார்த்துக்கொள்கிறாள்; என் கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. மனசு அதனோடு இருப்பதில்லை.

"வயிறு வலிக்குதாமா?"

"பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கா. நான்தான் அவ பின்னாலேயே சுத்திக்கிட்டு இருக்கேன்."

"அந்த வெள்ளையைச் சுரண்டி, தளதளன்னு கொதிக்கிற தண்ணியில போடு. கரைஞ்சா நேரா ஆஸ்பத்திரி. செருப்பைப் போட்டுக்க."

கெட்டில் இரைவது கேட்டது. தொட்டிக் கிருமிநாசினி என்றால் கரைந்துவிடும். மெழுகு என்றால் உருகி மிதக்கும். எங்கள் மெழுகு பனை வகை மரமொன்றின் இலையில் படிவது. வெயிலில் இலை வற்றிவிடாமல் இருக்க மரமே பூசிக்கொள்வது. நல்ல கெட்டி, வெறும் வெந்நீருக்கு அசையாது; கொதித்தால்தான் உருகும். தின்றாலும் செரிக்காமல் வெளியே போய்விடும்.

"கரையுதா?"

"இல்ல மாமா. எண்ணெய்ச் சொட்டு மாதிரி மேல நிக்குது... ஆறினதும் ஏடு கட்டுது."

சுவரில் சாய்ந்தேன். குளிர் அறையில் இருந்த பழம் சமையலறைச் சூட்டில் வியர்த்திருக்கிறது. ஈரம் பட்டு மெழுகு வெளுத்திருக்கிறது. கூடத்தில் அடிக்கடி பார்ப்பதுதான். வேறு யார் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பேன்.

"மெழுகுதான். ஒண்ணும் ஆகாது."

"அப்போ இவளைத் துடைச்சா பளபளன்னு ஆயிடுவாளா?"

சிரித்துவிட்டேன். மெழுகு பூசும் இயந்திரத்தை ஓட்டுபவர் திரும்பினார். "என்ன சார், நல்ல சேதியா?"

"பொண்ணு மெழுகு தின்னுட்டா."

"பூசினது நான்தான். ருசியா இருந்துச்சாமா?"

"ரெண்டு தின்னிருக்கா."

"அப்படிச் சொல்லுங்க," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மாலையில் கழிவுப் பெட்டியின் சீட்டைப் படித்தேன். மெழுகு பூசியது. இன்னொரு முறையும் படித்தேன். பிறகு குட்டிக்குப் பிடித்த மாதிரி நல்ல சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கத் தொடங்கினேன்.