இருபத்திரண்டு கிலோ

அந்தச் சீட்டில் இருந்த எண்ணை அக்காவால் நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு கிலோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருபத்திரண்டேதான்.

அக்கா என்றுதான் அந்த அறையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள், தலை நரைத்த மேஸ்திரி உட்பட. டென்னிஸ் மைதானத்துக் காலரிக்கு அடியில் ஜன்னலே இல்லாத அறை அது. ஆறு மெஷின், ஆறு ஆட்கள். ஆட்டக்காரிகளின் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டிக்கொடுப்பது வேலை. ஒவ்வொரு ராக்கெட்டோடும், நரம்பை எத்தனை கிலோவுக்கு இழுத்துக் கட்டவேண்டும் என்று ஒரு சீட்டு வரும். ஒரு ஆட்டக்காரியின் உடம்பைப் பற்றி டாக்டர் மறைப்பதைக்கூட அந்தச் சீட்டு சொல்லிவிடும். அதனால் அங்கே ஒரே ஒரு சட்டம்தான். சீட்டில் பார்த்ததைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. விட்டவர் மெஷினை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

முதலிடத்தில் இருக்கிற நெட்டைக்காரி மூன்று வருஷமாக இருபத்தைந்து கிலோவிலிருந்து அரைக் கிலோகூட இறங்கியதில்லை. இன்றைக்கு ஒரேயடியாக மூன்று கிலோ இறங்கியிருக்கிறாள். நரம்பு தளர்ந்தால் பந்து தானே துள்ளிப் பறக்கும், தோளுக்கு அவ்வளவு வேலை இருக்காது. அப்படியென்றால் தோள் போச்சு. வேறென்ன! அவளை எதிர்த்து இன்று மத்தியானம் ஆடப்போவது யார் தெரியுமா? அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சி.

தங்கச்சிக்கு முப்பத்தொரு வயது, முழங்காலில் இரண்டு ஆபரேஷன். "இதுலயும் தோத்தா ஆட்டத்தையே ஏறக்கட்டிடறேன்" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

யாருக்கு யார் எதிராளி என்று தெரிந்த அன்றே மேஸ்திரி கேட்டார். "ரெண்டு பேரோட ராக்கெட்டும் உங்கிட்டதான் வருது. ஒண்ணை வேற ஆளுக்கு மாத்திடவா?"

"என் கை வேற, வாய் வேற மேஸ்திரி" என்று அக்கா ஜம்பமாகச் சொன்னாள். என்ன கொழுப்பு! இப்போது கை நெட்டைக்காரியின் நரம்பை இழுத்துக்கொண்டிருக்க, வாய்க்குள் ஒரு வார்த்தை நெருப்பாக உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால் தங்கச்சி வருவாள், கேட்பாள். பத்து வயதிலிருந்து இருக்கிற பழக்கம். ஆட்டத்துக்கு முன்னால் அக்கா முன் வந்து நின்று "சொல்லு" என்பாள். ஜெயிப்பாள் என்று பட்டால் அக்கா ஸ்கோரைச் சொல்வாள். தோற்பாள் என்று பட்டால் "இன்னிக்கு இல்லடி" என்பாள், அதோடு சரி. பத்துக்கு எட்டுத் தடவை அது பலித்தது. கருநாக்கு என்று வீட்டில் திட்டுகூட வாங்கியிருக்கிறாள். ஆனால் ஒருநாளும் மனசில் பட்டதை மாற்றிச் சொன்னதில்லை.

இன்றைக்கு என்ன சொல்வது? ஜெயிப்பாய் என்றால், முதலிடத்துக்காரியை நான் ஜெயிப்பேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். சீட்டைக் காட்டியது போலத்தான். பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு ஜாடை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில், சீட்டையே பார்க்காத அக்கா என்ன சொல்வாளோ அதைச் சொல்லித் தொலைப்போம் என்று முடிவுகட்டினாள்.

சுவரில் ராக்கெட் கொடுத்து வாங்கும் திறப்பில் தங்கச்சியின் முகம் தெரிந்தது. "சொல்லுக்கா."

"இன்னிக்கு இல்லடி."

தங்கச்சி நகரவில்லை. அந்தக் கண்ணைப் பார்க்க அக்காவால் முடியவில்லை. எதையாவது சொல்லி அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. "ஆறு மூணு, ஆறு நாலு. அவ முடிச்சிடுவா" என்று அவசரமாகச் சொன்னாள்.

தங்கச்சி அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு "சரி" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

சுவர் ஓரத்து டிவியில் ஆட்டம் ஓடியது. முதல் செட்டை நெட்டைக்காரி எடுத்தாள். ஆறு மூணு. பாழாய்ப்போன வாய் என்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவி, நானே அவளைத் தோற்கடித்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

இரண்டாவது செட்டில் ஆட்டம் மாறியது. தங்கச்சி பந்துகளைத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் நெட்டைக்காரியின் தலைக்கு மேலே. அண்ணாந்து, கையை முழுசாக உயர்த்தி அடிக்க வேண்டியிருந்தது. நாலாவது பந்தில் அவள் முகம் சுளித்தது. ஏழாவதை நெட்டில் அடித்தாள்.

"உன் தங்கச்சி இப்படி ஆடி நான் பாத்ததே இல்லையே" என்றார் மேஸ்திரி. "யாரு சொல்லிக் குடுத்தது?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அக்கா. அது சத்தியம்தான். ஆனால் மேஸ்திரி டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பியபோது குனிந்து நரம்புச் சுருளைத் தேடினாள். ஜெயிக்க வேண்டும் என்று ஒரு மனசு துடித்தது. அப்படித் தூக்கிப் போடாதேடி என்று இன்னொரு மனசு கெஞ்சியது. இரண்டாவது செட் தங்கச்சிக்கு, ஆறு நாலு. மூன்றாவது செட்டில் நெட்டைக்காரியின் சர்வீஸ், பந்தைத் தட்டி அனுப்புவதாக ஆகிவிட்டது. ஏழு அஞ்சு. தங்கச்சி ஜெயித்துவிட்டாள்.

வியர்வையும் அழுகையுமாக அவள் அறைக்குள்ளேயே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். காதோரம் கிசுகிசுத்தாள்: "தோத்தா நீ ஸ்கோர் சொல்லவே மாட்டியேக்கா! இருபத்தோரு வருஷத்துல ஒருதடவ சொன்னதில்ல. நீ ஸ்கோர் சொன்னதுமே பொய்னு புரிஞ்சுபோச்சு. நீ எதுக்குப் பொய் சொல்லணும்? அவ ராக்கெட்ல என்னத்தையோ பாத்திருக்க. எங்க வலின்னு கண்டுபிடிக்கத்தான் முதல் செட் பூரா ஆச்சு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பூட்டியதாக நினைத்துக்கொண்டு, சாவியைத் தங்கச்சி கையிலேயே கொடுத்திருக்கிறாள். கட்டியிருந்த கைகளை மெதுவாக விலக்கினாள்.

திறப்பில் நெட்டைக்காரி நின்றிருந்தாள். தோளில் ஐஸ் கட்டு. மிச்சமிருந்த ராக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் கட்டியிருந்தீங்க அக்கா. தோள்தான் சதி பண்ணிடுச்சு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். "என் கோச்சுக்கே நான் சொல்லல. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும், உங்ககிட்டேர்ந்து வெளிய போகாதுன்னு நிம்மதியா ஆடினேன்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள்.

"மேஸ்திரி, சீட்டுல பாத்தது என் வாய் வழியா வெளிய போயிடுச்சு. நான்தான்."

"ஐயோ அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" தங்கச்சி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ எதுவுமே சொல்லலியே! யாருக்குத் தெரியப்போவுது? நாளன்னிக்கு அரையிறுதி, யாரு எனக்குக் கட்டுவா?"

"இங்க அஞ்சு பேர் இருக்காங்க."

"யாரு எனக்குச் சொல்லுவா?"

அக்கா ஏப்ரனை மடித்து மெஷின் மேல் வைத்தாள். "இன்னிக்கு நல்லா ஆடினடி. நீ ஜெயிச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா இனிமே எங்கிட்ட கேக்காத."

மேஸ்திரி நாற்காலியை இழுத்து அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பாதி கட்டிய ராக்கெட் ஒன்று அதில் இருந்தது.