வாத்தியார் கேட்ட கேள்வி

செஞ்சித் தாலுகா ஆபீஸில் ஒன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்த அடைக்கலராஜ், 1944 ஆடி மாதம் அந்த வேலையை விட்டார். அனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பாதிரியார் நடத்திய கூரைப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனார். ஊருக்கு இது பிடிபடவில்லை.

"சர்க்கார் உத்தியோகத்த எவனாவது வுட்டுட்டு வருவானா?" என்றார்கள்.

யுத்தகாலம். வீட்டுத் தேவைக்கு மேற்பட்ட நெல்லைச் சர்க்காருக்குக் கொடுத்துவிட வேண்டும். பலர் கொடுக்காமல் வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாகத் தேடி எடுத்துப் போனார்கள்.

மூன்றாம் நாள், பிள்ளைகளின் கூச்சம் போகட்டும் என்று அவர் கேட்டார்: "நேத்து இன்னா சாப்டீங்க?" சொன்னதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கூழ், களி, கீரை. லில்லி என்ற சிறுமி "நெல்லுச்சோறு" என்றாள். அதையும் எழுதினார்.

மறுநாள் ஒரு பிள்ளையும் வரவில்லை.

அவர் லில்லியின் வீட்டுக்குப் போனார். அவள் தாய் ராயம்மாள் கையில் முறத்தோடு வாசலை மறித்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, சோத்துப் பானைய எட்டிப் பாக்க வந்தியா?"

"புள்ளைங்கள அனுப்புங்கம்மா. நான் உளவு பாக்க வரல."

"பின்ன எதுக்கு அந்த வேலைய வுட்ட?"

அவர் உண்மையைச் சொன்னார். நெல் எடுக்கப் போன ஒரு வீட்டில் ஒரு சிறுமி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளாம். அதிகாரி சொல்ல, அவளைத் தூக்கி அப்பால் விட்டவர் இவர்தான். "அதுக்கப்புறம் அந்த ஆபீஸ்ல ஒக்கார முடியல."

ராயம்மாள் அவர் கைகளையே பார்த்தாள். "அப்ப, தூக்கனது நீதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரமே தாலுகா ஆபீஸின் நெல் கொள்முதல் அதிகாரி ஜெயராமன் சைக்கிளில் வந்தார். பழைய பழக்கத்தில் அடைக்கலராஜின் தோளில் கை போட்டு, "உள்ள போய்ப் பேசலாம் வாய்யா" என்றார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அடைக்கலராஜுக்கு அது தெரிந்தது. உள்ளே போனால் இந்த ஊரில் இனி ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுக்க முடியாது.

"இங்கயே கேளுங்க சார். உரக்கவே கேளுங்க."

ஜெயராமன் குரலைத் தாழ்த்தினார். "எந்த வீட்ல நெல்லு இருக்குதுன்னு புள்ளைங்க உங்கிட்ட சொல்லும். ஒரே ஒரு வீட்ட காட்டு."

"எந்த வீட்ல நெல்லு இருக்குதுன்னு நான் சொல்லமாட்டேன் சார்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். குரல் உடைந்தது. ஜெயராமனின் முகம் சிவந்தது. "சர்க்காரையே எதுத்துக்கிறியா? இதுக்குப் படுவ" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

யாரும் அருகில் வரவில்லை. ராயம்மாள் மட்டும் வந்து, "ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு ஆடுற கூத்தா?" என்று கேட்டாள்.

அவர் கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஊர் பத்து நாள் காத்திருந்தது. எந்த வீட்டிலும் சோதனை நடக்கவில்லை. பதினோராம் நாள் ராயம்மாள் லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நானும் ஒக்காருவேன். நீ கேக்கறதெல்லாம் எங்காதுல விழணும்."

"ஒக்காருங்கம்மா."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, அவர் வாய் திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். அவள் இருக்கிற தைரியத்தில் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். மார்கழி வரைக்கும் ஒருநாள் தவறாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தை பிறந்து அறுப்பு தொடங்கியதும் வயலுக்குப் போய்விட்டாள். லில்லி தனியாகவே வந்தாள்.