இடது முன்சக்கரம்

மதியம் இரண்டரை மணிக்கு நர்சம்மா பட்டறைக்குள் வந்தபோது, நான் அவருடைய காரை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் கணவர் கொண்டுவந்து விட்ட கார். இன்று ஐந்து மணிக்கு வாங்குகிறவர் வருகிறார், அதற்குள் ஆயில், லைட்டு எல்லாம் ஒரு தடவை பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினான்கு வருஷத்துக் கார். எனக்கும் முதுகுவலிக்கும் பழக்கமாகி ஏறத்தாழ அவ்வளவு காலம் இருக்கும். காலையிலிருந்து மூன்று வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்ததில், யார் வந்தாலும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்கிற தெம்பு மட்டும்தான் மிச்சமிருந்தது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். வெள்ளை ஷூவைக்கூட மாற்றவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணே, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் ஓட்டணும். நீங்க பக்கத்துல உக்காரணும்."

"அதான் பார்த்தாச்சேம்மா."

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்க. அவரு ஓட்டிப் பார்த்தாரு. நான் ஓட்டும்போது யாரும் பார்க்கல."

துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். அந்த விஷயத்தில் எனக்குப் பதில் சொல்லும் யோக்கியதையே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் அடித்தள பார்க்கிங்கில் அவர் ஒரு தூணில் முட்டிவிட்டார். பிரேக்கை மிதித்ததும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, வண்டி நிற்காமல் நழுவிப் போனது, பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கும் வண்டி சறுக்கினால் எரியுமே அந்த இன்னொரு விளக்கும் சேர்ந்து எரிந்தன என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் இரண்டும் போய்விட்டன. அதற்கு முன்பும் நாலைந்து தடவை அப்படி வந்ததாம். கணவர் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. பிறகு என்னிடம் கொண்டுவந்தார். வண்டியின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினேன். அந்த மாதிரிப் பழைய காரில் கோளாறு கொஞ்ச நாள் திரும்ப வராவிட்டால் பதிவு தானாகவே அழிந்துவிடும். எல்லாம் சுத்தமாக இருந்தது. பெரிய ரோட்டில் நேராக ஓட்டி, சடாரென்று மிதித்துப் பார்த்தேன். நல்ல பிள்ளையாக நின்றது. அன்றைக்கும் எனக்கு அலுப்புதான். அப்புறம் என்னதான் பிரச்சினை என்று கணவர் விடாமல் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். சில பேரு பதட்டத்துல பெடல மாத்தி மிதிச்சிடுவாங்க."

அந்த வார்த்தையை அவர் அலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அன்றிலிருந்து சாவி அவர் சட்டைப்பையில். நர்சம்மா ஆறு மணி டியூட்டிக்கு நாலு மணிக்கே எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறார். இப்போது காரையே விற்கப் போகிறார்கள். யாரும் ஓட்டாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்பது கணவரின் கேள்வி.

டிரைவர் சீட்டு கணவரின் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. நர்சம்மா அதை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டார். நான் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டேன். நாலு சக்கரங்களின் வேகமும் நாலு எண்களாக அதில் ஓடும். அவர் நிதானமாக ஓட்டினார். ஒரு லாரி குறுக்கே வந்தபோது நான்தான் தரையை மிதித்தேன், அவர் பிரேக்கை அளவாக மிதித்தார். எண்கள் நாலும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏறின. பாவம், தன் மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியது.

"எங்கம்மா போறீங்க?"

"எங்க வருமோ அங்க."

அடித்தளத்துக்கு இறங்கும் பாதை வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போகும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால்தான் இறங்க முடியும். இரண்டாவது சுற்றில் அவர் பிரேக்கில் கால் வைத்தார். என் மடியில் மூன்று எண்கள் பதினொன்றில் இருக்க, இடது முன்சக்கரம் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் பூட்டிக்கொண்டதாக நினைத்து, வண்டியே பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தது. பெடல் உதறுவது எனக்கே கேட்டது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு முழம் நழுவி, கைப்பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. இரண்டு விளக்குகளும் எரிந்தன.

பார்த்தீங்களா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எதிரில் இருந்த தூணில் அவர் கார் உரசிய நீல வண்ணம் இன்னும் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"இதுதான்," என்றார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

பட்டறையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் வயர் மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பியதும் துணிக்கொடி மாதிரி விறைத்தது. விரலால் வளைத்துப் பார்த்தேன். உள்ளே கம்பி அறுந்து, ரப்பர் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று மேலே தடவிக்கொண்டு போனேன். ஷாக் அப்சர்பரோடு வயரைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பும் போல்ட்டும் அங்கே இல்லை. அந்த இடத்தில் வயரை ஒரு பச்சை பிளாஸ்டிக் கேபிள் டை, சக்கரம் திரும்ப இடம் விடாமல் இறுக்கிக் கட்டியிருந்தது.

பச்சை. எல்லாரும் கறுப்புதான் போடுவார்கள். ஒரு தடவை கடையில் கறுப்பு இல்லையென்று நான் ஒரு மூட்டைப் பச்சை வாங்கிவந்தேன், இன்னும் தீரவில்லை. போன வருஷம் இந்தக் காருக்கு ஷாக் அப்சர்பர் மாற்றியதே நான்தான். போல்ட் கையோடு முறிந்து வந்தது. நாளைக்கு ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று அப்போதைக்குக் கட்டிவைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டறையின் பின்பக்கத்தில் பெயிண்ட் வேலை பார்க்கும் என் மச்சான் எட்டிப் பார்த்தான். பச்சையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வயர் பழசாயிடுச்சு, மாத்திட்டேன்னு சொல்லிடுங்க மாமா. பதினாலு வருஷ வண்டி. பொய்யும் இல்லையே," என்றான் மெதுவாக.

பொய் இல்லைதான். எனக்கும் அது ரொம்ப வசதியாக இருந்தது. ஆனால் வயர் பழசு என்றால் வண்டியும் பழசு, விற்பதுதான் சரி என்று கணவர் சொல்லிவிடுவார். நான் சொன்ன அந்தப் பதட்டமும் நர்சம்மாவோடு அப்படியே தங்கிவிடும். எழுந்து, உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது சென்சாரும் ஒரு போல்ட்டும் வாங்கிவந்து மாட்டினேன். நர்சம்மா ஸ்டூலில் சுவரோடு தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார்.

கணவர் ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது வந்தார். மோசமான மனிதர் இல்லை. தூங்கும் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, கேஸு இன்னும் நடக்குதா?"

அவர் குரலுக்கு நர்சம்மா விழித்துக்கொண்டார். நான் வயரையும் அறுத்தெடுத்த பச்சை கேபிள் டையையும் மேஜையில் வைத்தேன்.

"சார், வண்டியில கோளாறு இருந்திருக்கு. அதுவும் நான் பண்ணி வெச்சது. அவங்க சரியாத்தான் பிரேக் மிதிச்சாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

அவர் அந்தப் பச்சை டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அப்ப நான் ஓட்டும்போது ஏன் வரல?"

"நீங்க அந்த ஆஸ்பத்திரி பார்க்கிங் எறக்கத்துல எறங்கவே இல்லையே சார். நானும் எறங்கல."

நர்சம்மா கணவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம் அண்ணே."

"கேட்டிருக்கலாம்மா," என்றேன். 

கணவரின் போன் அடித்தது. வாங்குகிறவராகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. நான் சாவியை நீட்டினேன். பழக்கத்தில் அவர் கை முன்னால் வந்து, பாதியில் நின்றது. நர்சம்மா எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

காருக்குள் உட்கார்ந்து, நான் பின்னால் தள்ளிவைத்த சீட்டை ஒவ்வொரு பல்லாக முன்னால் இழுத்தார். கணவர் மறுபக்கக் கதவருகே போய், திறக்கலாமா என்று தெரியாதவர்போல் நின்றார். பையில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. நர்சம்மா இஞ்சினைக் கிளப்பவில்லை. பிரேக்கை மட்டும் மிதித்தார். பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. காலை எடுத்தார், அணைந்தது. மறுபடி மிதித்தார். நின்ற இடத்தில் நின்றபடியே கார் சுவரைச் சிவக்கவைத்துக்கொண்டும் அணைத்துக்கொண்டும் இருந்தது.