மைக்குக்குப் பின்னால் மாமியார்

மருமகள் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளுக்கு ஒரே வேலைதான்: பதிவு முடிந்த பிறகும் மைக்கின் காதைத் திருப்புவது. அந்த மைக்குக்கு முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது. இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும். பிறகு திரையில் ஒரு குமிழை நகர்த்தினால் முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும், அல்லது இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்.

சோதித்துப் பார்க்க ஓயாமல் பேசும் குரல் வேண்டும். அதற்கு வெளியே அலையத் தேவையிருக்கவில்லை. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மாமனார் தன் அனுபவங்களைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார். சைரன் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது சற்று மந்தம். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டு மேஜையில் மைக்கை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். துணிக் கிடங்கு தீப்பிடித்த கதையை அவர் நாற்பது நிமிடம் சொன்னார். மைக்குக்குப் பின்னால் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அதை ஸ்பீக்கரில் போட்டாள். மின்விசிறியின் உறுமலை வடிகட்டினாள். குமிழைப் பின்பக்கம் தள்ளினாள். மாமனாரின் குரல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதுபோல் தேய்ந்தது. மாமியாரின் முணுமுணுப்பு கணீரென்று வந்தது.

“தனியா உள்ள போனாராம். நாலு பேர் போனாங்க. இவரு ஹெல்மெட்டை வீட்ல வச்சுட்டுப் போயிட்டாரு. நான் கொண்டுபோய்க் கொடுத்தப்புறம்தானே உள்ளயே போனாரு.”

திரும்பினால் மாமனார் நிற்கிறார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சும்மா டெஸ்ட்டுக்குத்தான், மாமா.”

“சத்தத்தைக் கூட்டும்மா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு முழுவதையும் கேட்டார். ஏணியின் உயரம், வருஷம், மெடல் யாருக்குக் கிடைத்தது என்று மாமியார் செய்த திருத்தங்கள் மொத்தம் பதினேழு. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் மாமியாரின் குரல் தாழ்ந்தது: “வெளிய வர்றவரைக்கும் தெருமுனையிலயே நின்னேன். அது இவருக்குத் தெரியாது.”

அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“அத்தைகிட்ட சொல்லிடாதே. சொன்னா அப்புறம் பேச மாட்டா.”

சாயங்காலம் அடுத்த கதைக்கு உட்கார்ந்தார். மாமியார் அதே இடத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கேட்கும்படி மருமகள் குமிழை நடுவில் வைத்தாள். மாமனார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு சும்மா இருந்தார்.

“ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசறீங்க?” என்றார் மாமியார்.

“மூச்சு வாங்குது,” என்றார். பிறகு மைக்கைப் பார்த்து, “அன்னிக்கு நாங்க அஞ்சு பேர் போனோம்,” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

“ஆறு,” என்று முணுமுணுத்தார் மாமியார்.