யாருடைய அளவு இது?

1

மனித அடையாளத்தின் விலை இருநூற்றைம்பது. அடித்துப் பேசினால் இருநூற்றுக்கு முடியும்.

நம்பாதவர்கள் துணிக்கடைகளுக்குப் பொம்மை விற்கும் மொத்த வியாபாரியிடம் போய்ப் பாருங்கள். அங்கே உடம்பு தனி, தலை தனி. கண், மூக்கு, உதடு வரைந்த தலை அறுநூறு. முட்டைபோல வழவழவென்று ஒன்றுமே இல்லாத தலை முந்நூற்றைம்பது.

"முட்டைத் தலைதான் சார் ஓடுது. மூஞ்சி வரைஞ்சா, 'இது எங்க ஆளு மாதிரி இல்லையே'ன்னு தள்ளிவிட்டுடறாங்க. முட்டைன்னா எல்லாருக்கும் சொந்தக்காரன்" என்றார் அவர்.

அறுநூற்றில் முந்நூற்றைம்பதைக் கழித்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கழித்தல் தாய்ப்பாலோடு வந்தது. அந்த மிச்சத்திலிருந்து பிறந்ததுதான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒளி வழிந்து..." (வேண்டாம். வழிகிற ஒளிக்கெல்லாம் மின்கட்டணம் யார் கட்டுவது?)

இரண்டாவது: "அவள் கண்களில்..." (கண்ணுக்குள் இறங்கினால் நாலு பக்கத்துக்கு மேலே ஏற முடியாது.)

மூன்றாவது, இதுதான் கடைசி விலை: ஒரு துணிக்கடை. அதன் ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்துகிறவள் ஒருத்தி. கடையில் அவள் பெயரே பொம்மைக்காரி. மாடியில், வாங்குகிறவர் உடம்புக்கு ஏற்றபடி உடைகளைப் பிடித்தும் பிரித்தும் தைக்கிறவள் தையல்காரி. முதலாளி தையல்காரிக்குச் சித்தப்பா. சோறும் பாயும் அவர் வீட்டில்.

பொம்மைக்காரிக்குத் தையல்காரிமேல் காதல். சொன்னதில்லை.

[பொம்மைக்காரியின் நிறம், இனம், தாய்மொழி இங்கே வரவேண்டும். காலியாக விட்டேன். நீங்கள் இதற்குள் நிரப்பியிருப்பீர்கள். எதை என்று கேட்கமாட்டேன். நிரப்பிய வேகம்தான் கொஞ்சம் உதைக்கிறது.]

3

கதையின் முதல் வரைவில் பொம்மைக்காரி ஒரு ஆண். மாடிக்கு டீ கொண்டுபோவான், முதலாளி மீசைக்குள் சிரிப்பார், மூன்றாம் பக்கத்தில் கல்யாணச் சாப்பாடு. பிறகு அவனைப் பெண்ணாக்கினேன். டீ அதே டீ. படிக்கட்டு அதே படிக்கட்டு. காதலிலும் எடை குறையவில்லை. புதிதாக வந்து இறங்கிய சரக்கு ஒன்றுதான்: பயம். அதை நான் கொள்முதல் செய்யவில்லை. அக்கம்பக்கத்தார் இனாமாகக் கொடுத்தது.

(அடிக்குறிப்பு, அடிக்குப் போகச் சோம்பல்பட்டு இங்கேயே: கால்சட்டை நீளத்தைக் குறைக்க வந்த சமூகவியல் வாத்தியார், "அடையாளங்கறது நாமளா போட்டுக்கற சட்டை இல்லம்மா, மத்தவங்க தைச்சு மாட்டிவிடறது" என்றார். "அப்ப கூலிய அவங்ககிட்டயே வாங்கிக்கவா சார்?" என்றாள் தையல்காரி. வாத்தியார் சொன்னது சரிதான். கூலியும் கொடுத்தார்.)

4

கல்யாண சீசன். ஜன்னலில் மணமக்கள் ஜோடி நிற்கவேண்டிய நாள். காலையில் பொம்மைக்காரி ஆண் பொம்மையைச் சுமந்து இறங்கும்போது அது படியில் நழுவி, இடுப்போடு முறிந்தது.

"மாப்பிள்ளை போயிட்டான் மொதலாளி."

"எங்க போனான்?"

"ரெண்டு எடத்துக்கு."

முதலாளி தலையில் கைவைத்தார். மத்தியானம் நிஜ மாப்பிள்ளை வீட்டார் வேறு வருகிறார்கள், தையல்காரியைப் பார்க்க. வீட்டுக்கு அல்ல, கடைக்கே. பெண்ணைப் பார்த்த கையோடு துணியும் எடுத்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"பொம்பளை பொம்மை ஒண்ணுக்குக் கோட்டை மாட்டு. முட்டைத் தலைதான, எவன் கேக்கப்போறான்? அம்மாடி, அதுக்குத் தகுந்தாப்ல கோட்டைப் பிடிச்சுக் குடு."

பொம்மையின் அளவு அதன் உள்ளங்காலில் அச்சடித்திருக்கும். தையல்காரி குனிந்து பார்க்கவில்லை. டேப்பையும் தொடவில்லை. கடகடவென்று தைத்துக் கொடுத்தாள்.

பொம்மைமேல் அந்தக் கோட்டு கோணிக்கொண்டு தொங்கியது.

"என்னம்மா இது, வலது தோள் எறங்கிக் கெடக்கு? எந்த மனுஷ ஜென்மத்துக்கு இப்படி இருக்கும்?"

பொம்மைக்காரிக்குக் காது சூடாகியது. வருஷக்கணக்காகப் பொம்மை சுமந்து சரிந்துபோன வலது தோள் அந்தக் கடையிலேயே ஒன்றுதான் உண்டு. அதை யாரும் அளந்ததில்லை. மாடியிலிருந்து ஒருத்தி பார்த்தே அளந்திருக்கிறாள்.

"சும்மா போட்டுப் பாக்கறேன் மொதலாளி."

சொந்தத் தோல் மாதிரி உட்கார்ந்தது. முதலாளிக்கு முதலில் வியாபாரம்தான் கண்ணில் பட்டது.

"அட! நீயே ஏறி நில்லு ஜன்னல்ல. மூச்சு மட்டும் விட்டுக்கோ."

மணப்பெண் பொம்மையின் கையைப் பிடித்தபடி அவள் நின்றாள். வெளியே கூட்டம்.

"மாப்பிள்ளை கண்ணு சிமிட்டறான் பாரு!"

"யோவ், அது பொண்ணுய்யா."

"ரெண்டும் இல்ல, பொம்மை."

"மூணுமே சரி!" என்று வாத்தியார் கைதட்டினார். பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்து, அதே மாதிரி கோட்டு ஆளுக்கொன்று வேண்டும் என்றார்கள். முதலாளி விலையை ஏற்றிச் சொன்னார். வாங்கினார்கள்.

5

கோட்டின் கீழ் மடிப்பைச் சரிசெய்யத் தையல்காரி ஜன்னலுக்குள் ஏறி முட்டிபோட்டாள். வாய் நிறையக் குண்டூசி.

பொம்மைக்காரி உதடு அசையாமல் கேட்டாள். "ஏண்டி, எப்ப அளந்த?"

"ம்ம்."

"ஊசிய வாயில வெச்சுக்கிட்டுத் தப்பிக்காத."

"அஹையாத. குத்திரும்."

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. முதலாளி திரையை விலக்கித் தலையை நீட்டினார். வியாபாரம் முடிந்ததும் அவருக்கு மூளை வேலை செய்யும்.

"அம்மாடி, அவங்க வந்துட்டாங்க. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இது யாரோட அளவு?"

நிஜத்தைச் சொன்னால் ஒருத்திக்கு வேலை போகும், ஒருத்திக்கு வீடு போகும்.

6

முடிவுகள் கைவசம் மூன்று உண்டு.

அ) "கைத்தவறு சித்தப்பா" என்கிறாள், கோட்டைப் பிரிக்கிறாள். மலிவு. எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

ஆ) கைகோத்து இருவரும் ஓடுகிறார்கள். ஆனால் கோட்டு கடைச் சரக்கு. என் கதையில் யாரும் பில் போடாமல் வெளியேற முடியாது.

இ) சித்தப்பா கண்கலங்கி... (கூடப்பிறந்தவனுக்கே தள்ளுபடி தராத ஆள்!)

மூன்றும் பொம்மைக்குத்தான் பொருந்தும். ஆகவே, கடையைச் சாத்துமுன் கணக்கு:

முறிந்த மாப்பிள்ளை, ஒன்று. விற்ற கோட்டு, இரண்டு. வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கியிருக்கும் நிஜ மாப்பிள்ளை, ஒன்று. தையல்காரி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து, பொம்மைக்காரியின் நெஞ்சுப் பக்கத்துக் கோட்டு மடிப்பில் வரிசையாகக் குத்திவிட்டாள். வாய் காலி.

பாக்கி: ஒரு சொல். உங்கள் பேரில் எழுதியிருக்கிறேன்.