சக்கரத்தின் மேல் போட்ட பழி

ஒரு வருஷமாக நாங்கள் அந்தத் தையல் மெஷினைத் திட்டித் தீர்த்தோம். முதலில் சக்கரங்களைத் திட்டினோம். மெஷினைத் தாங்கி மேசைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களில் எதிலோ நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தையல் கோடு நடுங்குகிறது என்று வெல்டா சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன். ஊசியால் கிளறிப் பஞ்சுத் தூசியை எடுத்தோம், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தோம். நடுக்கம் போகவில்லை. புதுச் சக்கரங்கள் வரவழைத்து மாட்டினோம். அப்போதும் போகவில்லை. சரி, நிலவறைத் தரைதான் ஒருபக்கம் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டி, சோள அறுப்பு மும்முரத்தில் இருந்த என் புருஷன் டெல்பர்ட்டை வயலிலிருந்து இழுத்து வந்து, பன்னிரண்டு அடி மேசையின் ஒவ்வொரு காலுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னோம். மனுஷன் முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார்.

"தரையெல்லாம் சரியாத்தான் இருக்கு. கோளாறு மேசையில இல்ல" என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? போய் அறுப்பப் பாருங்க" என்று விரட்டிவிட்டேன்.

வெல்டா டெல்பர்ட்டின் தங்கை, என் நாத்தனார். பத்தொன்பது வருஷமாக அவளும் நானும் எங்கள் வீட்டு நிலவறையில் ஊர்ப் பெண்களின் குயில்ட் போர்வைகளைத் தைத்துக் கொடுக்கிறோம். அவர்கள் துண்டு துண்டாகச் சேர்த்த மேல்துணியைக் கொண்டு வருவார்கள். நாங்கள் அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, உருளைகளில் இழுத்துக் கட்டி, நீண்ட கையுள்ள மெஷினை மேலே ஓட்டி மூன்றையும் சேர்த்துத் தைப்போம். துணி ஏற்றுவது, நூல் கோப்பது, வருகிறவர்களிடம் வாயாடுவது என் வேலை. ஓட்டுவது வெல்டா. அவள் தையலில் போடும் இறகு டிசைனுக்காகவே நான்கு மாவட்டம் தாண்டி ஆட்கள் வருவார்கள். கீழே மாதிரித் தாள் இருக்காது, சாக்பீஸ் கோடும் இருக்காது. நடுத்தண்டை ஒரு வளைவாக விட்டு, இரண்டு பக்கமும் மடல் மடலாகப் போட்டுக்கொண்டே போவாள். ஒரு மடல் மாதிரி இன்னொன்று இருக்காது, ஆனால் ஒன்றுகூடக் கோணலாக இருக்காது. நானும் எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன். என் இறகு முட்டைக்கோஸ் இலை மாதிரி வந்தது.

செப்டம்பரில் பக்கத்து ஊர் இலைன் தன் பேத்தியின் கல்யாணக் குயில்ட்டை வாங்கிப் போக வந்தாள். விரித்துப் பார்த்தாள். ஓர் இறகின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமாக மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காபி குடித்து, பிளம் வைத்த கொலாச்சி பன் நாலு தின்றுவிட்டுப் போகிறவள். வெல்டா அவள் கார் போகிற வரைக்கும் ஜன்னலருகே நின்றாள். அன்றைக்குத்தான் நான் சொன்னேன், கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்று. மெஷின் தலையைப் பெல்ட் போட்டு அதுவே இழுத்துக்கொண்டு போய்த் தைக்கும். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், கன்சாஸ் சிட்டி கண்காட்சியில், வெல்டாதான் முதலில் அதைக் கேட்டாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். நாம் கையால் ஒரு தடவை தைத்துக் காட்டினால் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது கேட்டாலும் திரும்பத் தைத்துக் கொடுக்கும். வெல்டாவின் கண் மின்னியது.

"ஆர்லிஸ், இது நம்ம கையையே எடுத்து வச்சுக்குதுடீ. வாங்குவமா?"

நான் என்ன ஆட்டம் ஆடினேன் தெரியுமா! எங்கள் குயில்ட் சங்கத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு, கம்ப்யூட்டர் தைத்த குயில்ட்டையெல்லாம் போட்டியில் தனி வரிசைக்குத் தள்ள வைத்தவளே நான்தான். "இப்ப நானே போய் அத வாங்கிட்டு வந்தா அவளுங்க சிரிப்பா சிரிக்க மாட்டாளுங்க? உனக்கென்னடீ கையில குறை?" என்று கத்தினேன். வெல்டா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீறாப்பு பிடித்தவள் நான், வேறென்ன சொல்ல.

அக்டோபர் கடைசியில் லிங்கன் நகரத்துக்குப் போனோம். அங்கே கடை வைத்திருப்பவர் மார்லின். ஐம்பது வயசு, நிதானமான ஆள், எங்கள் மெஷினையும் விற்றவர் அவர்தான். இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலும் வெவ்வேறு கம்ப்யூட்டர் மாட்டி வைத்திருந்தார். ஒன்றில் சன்னல் அளவுக்குத் திரை, நாலாயிரம் டிசைன். இன்னொன்று பழைய மாடல், திரை உள்ளங்கை அகலம்தான்.

"பெரிசுலேயே பாருங்க மேடம். எப்படியும் அதத்தான் எடுப்பீங்க" என்றார்.

புது மெஷின் கைக்குக் கிடைத்தால் எங்கள் தொழிலில் எவளும் முதலில் தன் பெயரைத்தான் தைத்துப் பார்ப்பாள். வெல்டாவும் கைப்பிடிகளைப் பிடித்துத் தன் பெயரைத் தைத்தாள். திரையிலும் அது கோடாக வந்தது. மார்லின் விரல்களால் அதைப் பெரிசாக்கினார். துணியில் லேசாகத் தெரிந்த நடுக்கம் திரையில் ரம்பப் பல்லாக நின்றது.

"அடடே, சக்கரத்துல ஏதோ மாட்டியிருக்கு" என்று மார்லின் குனிந்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! "பாத்தியாடீ, இங்கயும் அதே தொல்லைதான்! இந்தச் சக்கரம் செய்றவனையெல்லாம் நிக்க வச்சு உதைக்கணும்" என்றேன்.

மார்லின் ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தார். எழுந்து, தானே கைப்பிடியைப் பிடித்துத் தன் பெயரைத் தைத்தார். வழவழவென்று வந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை தைத்தார். அதுவும் அப்படியே வந்தது. அப்புறம் அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் துடைத்த துணியை மடிக்க ஆரம்பித்தார்.

வெல்டாதான் பேசினாள்.

"சக்கரத்த விடு மார்லின். என் கைதான். ஆகஸ்ட்லயே டாக்டரப் பாத்துட்டேன். பார்க்கின்சன்னு சொல்லிட்டாரு." என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கெப்படிடீ தெரியும்? சொன்னாத்தான தெரியும்?"

பொய். ஈஸ்டர் விருந்தில் அவள் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தேன். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் தாள் படபடத்ததைப் பார்த்தேன். வாயைத் திறந்து சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்துகொண்டு, மறுநாளே புதுச் சக்கரத்துக்குச் சொல்லிவிட்டவள் நான்.

மார்லின் தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் மேடம் இந்தப் பெரிசு. எடுத்து வைக்கும்போது இதுவே சரி பண்ணிரும்" என்று பொத்தானை அமுக்கினார். திரையில் ரம்பப் பல்லெல்லாம் மறைந்து வெல்டாவின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தது போல் வளைந்து நின்றது.

"ஆகா! இதயே எடுத்துக்குவோம்" என்றேன். என் குரல் எனக்கே அதிகப்படியாகக் கேட்டது.

வெல்டா குனிந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. யாரு எழுதுனது இது?"

"நீதான்டீ!"

"நான் முதல் எழுத்து 'வி'ய இப்படிப் போட மாட்டேனே."

"பழைய குயில்ட்ட போட்டோ புடிச்சுட்டு வாங்க மேடம், அது மேல கோடு போட்டு உள்ள ஏத்திரலாம்" என்றார் மார்லின்.

"யாரு கோடு போடுவா?"

"நானோ, இல்ல இவங்களோ..."

"அப்ப அது உங்க கை" என்றாள் வெல்டா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் விடவில்லை. "ஏன் மார்லின், ரெண்டு வருஷத்துக்கு முந்தி இவ ஓட்டுன மாதிரி, எப்படியாச்சும்..." என்று ஆரம்பித்தேன். நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஓட்டும்போது மெஷின்ல இது மாட்டியிருக்கணும் மேடம். போனது போனதுதான்" என்றார். அன்றைக்கு வாங்க விடாமல் தடுத்தவள் நான்தான் என்று அந்த ஆளுக்குத் தெரியாது, பாவம்.

வெல்டா பழைய மாடல் பக்கம் போனாள். "இது?"

"இது சரியெல்லாம் பண்ணாது. நீங்க எப்படிப் போட்டீங்களோ அப்படியே வச்சுக்கும். அதனாலதான் யாரும் வாங்குறதில்ல."

"நடுங்கினா நடுங்கினபடியே?"

"ஆமா."

"இதக் கொடு."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? நடுங்குறத எடுத்து வச்சு என்னடீ பண்ணப் போற? எவ கொண்டு வந்து கொடுப்பா துணிய? இலைன் மூஞ்சியப் பாத்தல்ல?"

"ஊரார் துணிக்கு நாலாயிரம் டிசைன் வேணும்னா பெருச வாங்கி வச்சு நீ தையி. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா போதும்னு நீதான சொன்ன? இது எனக்கு." வெல்டா கைப்பிடியில் கைகளை வைத்தாள். வலதுகை தானாக ஆடியது. அதை அவள் மறைக்கவில்லை. "இது இதோட நிக்காதாம், ஆர்லிஸ். வருஷம் போகப் போக அதிகமாகுமாம். அன்னிக்கு நீ வேணாம்னுட்ட, நானும் விட்டுட்டேன். அதுக்கு உன்னக் குத்தம் சொல்லல. ஆனா இன்னிக்கும் விட்டுட்டா எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது."

நான் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இறகு போடப் போறேன். எடுத்து வைக்கிற பொத்தான அமுக்கு" என்றாள்.

மார்லின் எது என்று காட்டினார். அமுக்கினேன்.

அவள் தண்டை வளைவாக விட்டாள். வளைவு சரியாகத்தான் இருந்தது, கோடு மட்டும் வழியெல்லாம் நடுங்கியது. அப்புறம் மடல் போட ஆரம்பித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, உச்சியில் ஒரு நொடி நிறுத்தி, கை கொஞ்சம் அடங்கியதும் இறங்கினாள். ஒரு மடலில் ஊசி விலகி வெளியே போய்விட்டது. அவள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். மொத்தம் பதினொரு மடல். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவாள். இப்போது முடிப்பதற்குள் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. மார்லின் வாசல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்கிச்சா?"

"எடுத்துக்கிச்சு" என்றேன்.

சின்னத் திரையில் அதைக் குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். நானும் பார்த்தேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"அழாதடீ. மோசமில்ல" என்றாள் வெல்டா. "அடுத்த வருஷம் இதப் பாத்துட்டு, அப்ப எவ்வளவு நல்லாப் போட்டிருக்கேன்னு நெனப்பேன்."