அங்குலம் தின்ற டிஸ்க்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யானாலும் எஞ்சியிருக்கும் நாலு பல்லும் கொட்டிப் போகட்டும்.

என் மனைவி தையல்காரி. வாடிக்கைக்காரிகள் அத்தனை பேருடைய அளவும் எங்கள் கணினியில்தான். அதே கணினியில் நான் டோரண்டில் படம் இறக்குவேன். ஒரு மத்தியானம் பெட்டிக்குள் ‘டொக்’ என்றது.

“என்னங்க சத்தம்?”

“பல்லி.”

பல்லியில்லை, எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் ஹார்ட் டிஸ்க் என்று எனக்குத் தெரியும். டிஸ்க் போனால் அளவுகள் போகும். அளவுகள் போனால் நான் போவேன். கணினி பழுதுபார்க்கும் மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

“அத்தான், டோரண்ட் துண்டு துண்டா, முன்னபின்ன இறங்கும். ஒவ்வொரு துண்டுக்கும் டிஸ்க்குல எழுதுற முள்ளு அங்கயும் இங்கயும் ஓடணும். தேயாம என்ன செய்யும்? டோரண்ட் செட்டிங்ல கேஷ் மெமரிய ஏத்துங்க, துண்டெல்லாம் மெமரில சேர்ந்து மொத்தமா எழுதும். ஒரு நேரத்துல ஒரே படம். அதுக்கான இடத்த முன்னாடியே ஒதுக்கிடுங்க. முதல்ல அக்கா ஃபைல காப்பி எடுங்க.”

காப்பி எடுக்கவும் முள் ஓட வேண்டுமே! பயந்து அதை விட்டுவிட்டேன். மற்றதை ஒரு பங்குக்கு நூறு பங்காகச் செய்தேன். வரிசையில் நின்ற நூறு படத்துக்கும் இடம் ஒதுக்கினேன். டிஸ்க்கில் அவ்வளவு இடம் ஏது? அது அளவுகளில் கை வைத்தது.

டொக். மருந்துக்கடைக்காரியின் இடுப்பு திரையில் இரண்டு அங்குலம் குறைந்தது. மனைவி முணுமுணுத்துக்கொண்டே அந்த அளவுக்கே தைத்தாள். வாங்க வந்தவளுக்குச் சட்டை கச்சிதம். முகம்தான் வெளுத்திருந்தது.

“அக்கா, மோதிரம் கழண்டு விழுதுக்கா. செருப்புகூடப் பெரிசாயிடுச்சு.”

“டயட்டா இருக்கும்டி.”

ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். அடுத்த வரி என் மனைவியுடையது.

டொக். அவள் உயரத்தில் ஓர் அங்குலம் போயிற்று. டொக். இன்னொன்று. பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றது.

“என்னங்க... பெடலுக்குக் கால் எட்டலங்க.”

குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. வரிசையில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். டொக், டொக் என்று அது விடாமல் தின்றது. கடைசிப் படம் தொண்ணூற்றெட்டு சதவீதம் இறங்கியிருந்தது. அதையும் நீக்கினேன். கட்டியவள் மேல் எனக்குள்ள பாசத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சத்தம் அடங்கியது. உயரம் பழைய எண்ணுக்கு ஏறியது. மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

“இப்ப எட்டுதுங்க. ஆமா, நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்துறீங்க?”

“புழுக்கம்.”

மறுநாள் ஃபைலைக் காப்பி எடுக்க வந்த மைத்துனன் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்தது எஸ்எஸ்டி: முள்ளும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை, ‘டொக்’ என்று சத்தம் போட அதில் எதுவுமே கிடையாது.